வாடாமல்லிக் கதவு

விற்கப் போகிற வீட்டில் எதையெதை மறைக்க வேண்டும் என்று யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் எரிச்சல்தான் வருகிறது. போன வாரம் எங்கள் மணலூர்பேட்டை வீட்டைப் பார்க்க வந்த தரகர், படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும் இடத்துக்கு பீரோவை நகர்த்தி வைக்கச் சொன்னார். "நாங்கள் காலி செய்யும்போது பீரோவும் கூடத்தானே வரும், அப்போது தெரியாதா?" என்று கேட்டேன். "அப்ப வீடு அவங்களுது மேடம்" என்று பல்லைக் காட்டினார். அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கச்சிராயபாளையத்து வீட்டுக்கார அம்மாவின் நினைப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா அனுப்பியிருக்க மாட்டார்.

கல்யாணத்துக்கு முன்பு எனக்குக் கச்சிராயபாளையத்தில் கால்நடை மருந்தகத்தில் வேலை. மருந்து எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் பங்கு. அந்த அம்மாவின் வீட்டில் முன் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். தெருவில் யாராவது மரியாதையாக என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு. "டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திர எடுத்துக் குடுக்கற பொண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வந்த புதிதில் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். "நான் எவனுக்கு மூத்த பொண்டாட்டி? அக்கான்னு கூப்புடு" என்றார். அன்றிலிருந்து அக்காதான்.

அக்காவுக்கு ஒரு குணம். தன்னிடம் இருக்கிற எந்தப் பொருளிலும் என்ன குறை என்று அடுத்தவர் கண்டுபிடிப்பதற்குள் தானே சொல்லிவிடுவார். சொல்லும்போது குரலில் கூச்சம் இருக்காது. இதில் எனக்கென்ன வெட்கம் என்கிற மாதிரி, முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

ஒரு தடவை மாடு விற்க நினைத்தார். நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அவர் மாட்டைச் சுற்றி வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார். "எடது பக்கம் ஒரு காம்புல பால் கம்மி. கறக்கச் சொல்ல எட்டி ஒதைக்கும். என்னை ரெண்டு தபா ஒதைச்சிருக்குது, இந்தா பாருங்க" என்று முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். வந்தவர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மாடு அக்காவிடமே கிடந்து இன்னும் இரண்டு வருடம் அவரை உதைத்தது.

மாட்டோடு விட்டாரா என்றால் இல்லை. என் அம்மா என்னோடு வந்து தங்கியிருந்த சமயத்தில், சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றிருந்தேன். அக்கா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்ல பொண்ணு. கோவம்தான் ஜாஸ்தி. போன மாசம் கறிக்கடக்காரன அடிக்கப் போயிடுச்சி" என்றார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கேசரியைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். நான் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அவரோ என் அறை வாசலில் நின்று, "கோவத்தப் பாத்து ஓடறவன், கட்டிக்கினு மட்டும் எங்க இருந்துடுவான்? போவட்டும் வுடு" என்றார். அப்போது பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து வந்தவர்களிடமும் இதையே சொன்னார். அந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவரோடுதான் இன்றைக்கும் குடித்தனம் நடத்துகிறேன்.

அக்காவைப் பற்றிப் பேசினால் அந்தக் கதவைப் பற்றிப் பேசாமல் முடியாது.

அவருடைய கணவர் அவிட்ட நட்சத்திரத்தில் இறந்துபோனார். நான் அங்கே குடிபோவதற்கு முன்பு நடந்தது. அவிட்டத்தில் சாவு விழுந்தால் அடைப்பு என்பார்கள். பிணத்தைத் தலைவாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். பின்பக்கச் சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாகத் தூக்கிப் போவார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும். போனவர் தான் போன வழியைத் தேடிக்கொண்டு வந்தால் அங்கே சுவர்தான் இருக்கும், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று கணக்கு. அடைக்காமல் விட்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து ஐந்து உயிர் போகும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள்.

அக்கா அடைக்கவில்லை. செங்கல்லோடு வந்து நின்ற கொத்தனாரிடம், "நெல வெக்க அளவு எடு. இங்க கதவு வரணும்" என்றாராம்.

காரணம் இருந்தது. சமையல்கட்டு வீட்டின் பின்பக்கம். அங்கே கதவு இல்லை. பாத்திரம் தேய்த்த தண்ணீரைக் கொட்ட வேண்டுமென்றால்கூட, கூடத்தைக் கடந்து தலைவாசலில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கதவு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "பின்னாடி கரும்புக் கொல்ல, பாம்பு வரும்" என்ற ஒரே பதிலிலேயே கணவர் காலத்தை ஓட்டிவிட்டார். "நல்ல மனுசந்தான். ஒரு நாள் கை நீட்டனது இல்ல. கதவு விசயத்துலதான் மோசம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீடு அவருடைய கொழுந்தனார் வீடு. நிலைக்கு அளவெடுக்கிற சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தாராம். "இன்னா அண்ணி பண்றீங்க? அண்ணன் திரும்பி வந்துடுவாரு" என்று பதறினாராம்.

"வரட்டுமே தம்பி. நான் கேட்ட கதவ வெச்சிக்கினனா இல்லியான்னு அவரும் ஒரு தபா பாத்துட்டுப் போவட்டும்."

அன்றிலிருந்து கொழுந்தனார் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. பேசுவதெல்லாம் மதில் மேலேதான்.

அந்தக் கதவைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை. கரும்பு வளர்ந்திருந்தால் உச்சி மட்டும் தெரியும், வெட்டிவிட்டால் அடிவாரம் வரைக்கும் தெரியும். சாயங்காலம் மலைக்காற்று நேரே சமையல்கட்டுக்குள் வரும். அக்கா அந்தப் படியில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்வார். பயமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "உசுரோட இருக்கச் சொல்லவே அந்த மனுசனப் பாத்து நான் பயந்ததில்ல" என்றார்.

இப்படி இருந்த அக்கா ஒரு நாள் வீட்டை விற்கப் போகிறேன் என்றார். அவருக்கு ஒரே மகள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கணவனோடு ஒத்து வராமல் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். ராத்திரி வேலை வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மகள் குடியிருந்த தெருவிலேயே இரண்டு அறை உள்ள சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் தை மாதம் முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

செய்தி தெரிந்ததும் கொழுந்தனார் மதிலுக்கு வந்தார்.

"மவ வூட்ல போயி ஒக்காந்து சோறு துன்னப் போறீங்களா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"மவ வூட்டுக்கு எவ போறா? மவளுக்குப் பக்கத்து வூட்டுக்குப் போறேன்."

"அப்ப எனக்கே குடுத்துடுங்க. பாதி வெலதான் தருவேன். பொணம் போன வழிய அடைக்காத வூடு, வேற எவன் வாங்குவான்? நானும் இடிச்சித் தள்ளிட்டு, அய்யர வெச்சி சாந்தி பண்ணிட்டுத்தான் பையனுக்குக் கட்ட முடியும்."

அவருக்கு அந்த மனை மேல் ஆசை இருந்தது நிஜம். பயம் இருந்ததும் நிஜம்தான், நடிப்பு இல்லை. பத்திரம் அக்காவின் பெயரில் இருந்ததால் அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கதவு வைக்காத கணவர் அந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

பாதி விலைக்கு விற்றால் கள்ளக்குறிச்சி வீடு கிடையாது. அப்புறம் கொழுந்தனார் சொன்னபடி மகள் வீட்டு மூலைதான். இது அக்காவுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

ஒரு தரகரைப் பிடித்தார். அந்த ஆள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளையடியுங்கள், ஒட்டடை அடியுங்கள், சாக்கடையைக் குத்திவிடுங்கள் என்றெல்லாம் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் செய்தார். முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு ஒட்டடைக் குச்சியோடு பரணில் ஏறினார். ஓடு மாற்றினார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னல் கம்பி தேய்த்தேன். கடைசியில் தரகர் விஷயத்துக்கு வந்தார். "அந்தப் பின்கதவ எடுத்துட்டு, செவுரு வெச்சிப் பூசிடுங்கம்மா. புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியப் போவறதில்ல."

அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கடைவீதிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டப்பா பெயின்ட் இருந்தது. மறுநாள் நான் மருந்தகத்திலிருந்து வந்து பார்க்கிறேன், பின்கதவு வாடாமல்லி நிறத்தில் தகதகவென்று நிற்கிறது. கரும்புக் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். அக்காவின் மூக்கு நுனியிலும் கொஞ்சம் வாடாமல்லி.

"ஏன்க்கா இந்தக் கலரு?"

"மறைக்கச் சொன்னான் இல்ல? அதான்."

வீடு பார்க்க வந்தவர்களை முதலில் அந்தக் கதவுக்குத்தான் கூட்டிப் போவார். கூடம், அறை எல்லாம் அப்புறம். "எங்க வூட்டுக்காரரு அவிட்டத்துல செத்தாரு. இந்தச் செவுத்த இடிச்சித்தான் எடுத்தாங்க. நான் அடைக்காம கதவு வெச்சிக்கினேன். ஏழு வருசம் ஆச்சு. காத்து பாருங்க, எப்பிடி வருது." வந்தவர்கள் காற்றைப் பார்ப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனார் குரல் வரும். "அஞ்சு உசுரு கேக்கும்ங்க. நான் சொல்றத சொல்லிட்டேன்."

"ஏழு வருசத்துல எது போச்சு? நீ இருக்க, நான் இருக்கேன். உன் மாமியாகூட நல்லாத்தான் இருக்குது" என்று இவர் பதில் கொடுப்பார். அதற்குள் வந்தவர்கள் வண்டியைக் கிளப்பியிருப்பார்கள்.

தை பிறந்து பொங்கலும் போய்விட்டது. நீங்களாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சொல்லாம வித்தா வாங்கனவன் குடிவந்த அன்னிக்கே இந்தத் தம்பி மதில் மேல ஏறிச் சொல்லுவான். பாவம், வந்தவன் பொண்டாட்டி புள்ளையோட எங்க போவான்?" என்றார்.

ஒரு நாள் மகளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி போனவர், சாயங்காலம் வருவேன் என்று சொல்லிவிட்டு மதியமே வந்துவிட்டார். நானும் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்திருந்தேன். பின்பக்கம் கரணைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, தரகர் பிடித்து வந்த கொத்தனார் நிலைக்குள் நான்கு வரிசை செங்கல் கட்டி முடித்திருந்தார். தரகர் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொழுந்தனார் மதில் மேலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா பையை என்னிடம் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், ஈரம் காயாத அந்தச் சுவரின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாடு கூட அப்படி அசையாமல் உட்காராது.

"ம், கட்டு" என்றார் கொத்தனாரிடம்.

"நாளைக்குப் பெரிய பார்ட்டி வருதும்மா. உங்க நல்லதுக்குத்தான் பண்றேன்" என்றார் தரகர்.

"என் நல்லது இன்னான்னு நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது. கட்டுப்பா, என்னையும் உள்ள வெச்சிக் கட்டு. பொணம் எடுக்கச் சொல்ல மறுபடியும் நீதான வந்து இடிக்கணும்."

கொத்தனார் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் அக்காவுமாக அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போட்டுவிட்டு, கதவைத் திரும்ப மாட்டினோம். அவருடைய புடவையில் ஒட்டிய சிமென்ட் எத்தனை துவைத்தும் போகவில்லை. தரகர் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் வரவே இல்லை.

தரகர் போனால் என்ன, அக்கா தானே தரகரானார். கள்ளக்குறிச்சி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஆரம்பித்துவிடுவார். "வூடு ஒண்ணு இருக்குது, வாங்கறீங்களா? ஒரு கொற இருக்குது, கேட்டுக்குங்க." பஸ் முழுக்க அந்தக் கதவின் கதை தெரிந்துபோனது. கேட்டுக் கேட்டு அந்த பஸ்ஸின் கண்டக்டருக்கே மனப்பாடமாகிவிட்டது. அவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். பெண்ணின் படிப்புக்காகக் கீழே வாடகை வீட்டில் இருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியோடு ஒரு நாள் வந்து நின்றார்.

அக்கா வழக்கம்போல முதலில் கதவுக்குக் கூட்டிப்போனார், வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார். மதிலிலிருந்து கொழுந்தனாரும் வழக்கம்போல ஐந்து உயிர்க் கணக்கைச் சொன்னார். கண்டக்டரின் மனைவி படியில் இறங்கி நின்று பார்த்தார். கரும்பு வெட்டியிருந்தார்கள். மலை மொத்தமும் தெரிந்தது.

"இங்க நீங்க ஒண்டியாவா தூங்கறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்டியாத்தான். நல்லாத் தூங்கறேன். கொறட்டகூட வுடறேனாம், இந்தப் பொண்ணு சொல்லுது."

அவர் கதவைத் தொட்டுப் பார்த்தார். "வூட்ட எங்களுக்குக் குடுத்தா இந்தக் கதவ கழட்டிக்கினு போயிட மாட்டீங்க இல்ல?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாட்டேன் தாயி" என்றார்.

விலை பேசி முடிந்தது. பத்திரம் பதிய நாள் பார்த்தார்கள். அப்போதுதான் தெரு விழித்துக்கொண்டது. அதுவரை பிணம் போன சுவர் என்று சொன்னவர்கள் இப்போது வேறு பேச்சுப் பேசினார்கள். அன்று சாயங்காலம் கொழுந்தனார் தெருக்காரர்கள் சிலரோடு வந்தார். மதிலுக்கு இல்லை, தலைவாசலுக்கே வந்தார். நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"அண்ணி, நம்ம தெருவுல மலக்காரங்கள கொண்டாந்து வெக்கறது நல்லா இல்ல. அவங்க தர வெலைய நானே தர்றேன். மேலயே போட்டுத் தர்றேன். நாளைக்கே பத்திரம் எழுதிக்கலாம்."

முழு விலை. நாளைக்கே பணம். தை முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும். அக்கா தலையை ஆட்டிவிடுவாரோ என்று பயந்தேன். அந்த மலைப் பெண் கதவைத் தொட்டுப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது.

அக்கா கொழுந்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கதவு வெச்ச நாள்லருந்து நீ இந்தப் படி ஏறல. இன்னிக்கித்தான் ஏறியிருக்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"அஞ்சு உசுரு கேக்கும்னு வந்தவன் போனவன் எல்லார்கிட்டயும் சொன்னது நீதான?"

"சொன்னேன். சாந்தி பண்ணிக்கலாம். இடிச்சிட்டுத்தான் கட்டப் போறோம்."

"இடிச்சா செவுருதான் போவும். மண்ணு அதே மண்ணுதான? எங்க வூட்டுக்காரருக்கு இருக்கறது ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு ஒண்ணு ஆவட்டும்னு தெரிஞ்சே நான் விப்பனா? நாளைக்கி அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? நீ நல்லா இருக்கணும் தம்பி. உனக்கு மட்டும் இந்த வூட்ட தரவே மாட்டேன்."

முகத்தில் சிரிப்பு துளிகூட இல்லை. கூட வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். கொழுந்தனார் சொல்லிச் சொல்லி வளர்த்த பேச்சு, அதை இல்லை என்று அவராலேயே எப்படிச் சொல்ல முடியும்? செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

பத்திரம் பதிந்தது. காலி செய்கிற நாளில் தெருவில் ஒருவர்கூட சாமான் தூக்க வரவில்லை. தலைவாசலுக்கு வண்டி வர முடியாதபடி கொழுந்தனார் தன் டிராக்டரை நிறுத்தி வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, குட்டியானை வண்டியைக் கரும்பு வெட்டிய கொல்லை வழியாகப் பின்பக்கத்துக்கே வரச் சொன்னார். கண்டக்டர், அவர் மனைவி, அவர்கள் பெண், நான், எல்லோருமாக அண்டா, கட்டில், மர பீரோ எல்லாவற்றையும் வாடாமல்லிக் கதவு வழியாகவே தூக்கிப் போய் ஏற்றினோம். கடைசியாக அக்கா இறங்கினார்.

சாவியைக் கண்டக்டர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

"மழ பேஞ்சா சமையக்கட்டு மூலையில ஒழுவும், ஓடு மாத்திக்கூட நிக்கல. கொழாயில தண்ணி காலையிலதான் வரும். முன் ரூம்புல இருக்குதே இந்தப் பொண்ணு, வாடகை ஒழுங்கா குடுக்கும், கோவம்தான் ஜாஸ்தி. பக்கத்து வூட்டுக்காரரு நல்ல மனுசன். மதில் மேல நின்னு எதுனா சொல்லிக்கினே இருப்பாரு. அதுக்குப் பயந்து கதவ மட்டும் சாத்திடாத."

வண்டி கொல்லை மேட்டில் ஏறித் தார்ரோட்டைப் பிடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்டக்டரின் மனைவி உள்ளே வந்து, கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார். அன்று நாங்கள் பெயர்த்துப் போட்ட செங்கற்களில் ஒன்று அது.